சிறு படகா, பெரும் படகா?

விடுமுறையில் மின்மினி காணச் செல்வதென முடிவானதும் எங்கள் இல்லத்தில் எழுந்த முதல் வினா, எப்படகில் ஏறுவது என்பதே. கோலசிலாங்கூர் அருகே கம்போங் குவாந்தானில் நால்வர் அமரும் துடுப்புச் சம்பான் உண்டு. புக்கிட் பெலிம்பிங்கில் பலர் அமரும் மின்மோட்டார்ப் படகு உண்டு. நாங்களோ அறுவர். பெரும் படகே ஏற்றது என்றேன். எளிதில் ஆடாது, குடும்பமும் பிரியாது. "கூட்டத்தோடு போவதற்குச் சந்தை இருக்கிறதே!" என்றார் என் துணைவியார். வென்றவர் அவரே.

நீந்தத் தெரிந்தவர்கள் நானும் என் மூத்த மகனும் மட்டுமே. ஆகவே படகுக்கு ஒருவராகப் பிரிந்தோம். பேத்திக்குத் தந்த மிதவைச் சட்டை தொளதொளவென்றிருந்தது. அதை மாற்றித் தரும்வரை அவளை ஏற்ற நான் இசையவில்லை. சம்பானில் எவரும் எழுந்து நிற்கலாகாது என்று வகுப்பறைக் குரலில் எச்சரிக்கவும் செய்தேன்.

நிலவில்லா இரவு. துடுப்பொலியன்றி வேறொலி இல்லை. சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அணைந்தன. அவ்வேளை, முன்சென்ற மகனின் படகிலிருந்து பேத்தியின் குரல் நடுங்கி வந்தது: "தாத்தா, எங்கே இருக்கீங்க?"

எழுந்து கையசைக்கத் துடித்தேன். என் எச்சரிக்கையே என்னை அமர்த்திவிட்டது. எங்கள் படகோட்டி விரைந்து துடுப்பு வலித்து, இரு சம்பான்களையும் அருகருகே கொண்டுவந்தார். இருளில் ஒரு சிறு கை நீண்டு என் விரலைப் பற்றிக்கொண்டது.