மேடையும் சிட்சையும்

பல்கலைக்கழகப் பதவியிலிருந்து நான் ஓய்வு பெற்ற சமயத்தில் நடந்த பிரிவுபசாரக் கூட்டத்தில், என்னிடம் உண்மையான பிரியம் கொண்ட நிர்வாகி ஒருவர் எழுந்து, மாணவர்களின் பொருட்டு மேடையைத் தியாகம் செய்தவர் என்று என்னைப் புகழ்ந்தார். கூடியிருந்தவர்களும் மனமாரக் கைதட்டினார்கள். ஆயினும், ஜாஸ் சங்கீதத்தில் ஆயுளைக் கழித்தவனுக்கு அதைக் காட்டிலும் கௌரவக் குறைவான வார்த்தை ஒன்று இருக்க முடியாது. இரவு கிளப்பில் வாசித்ததைக் காலையில் வகுப்பில் பிரித்துப் பார்ப்பதும், வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு அன்றிரவே பியானோவின் முன் அமர்ந்து விடை தேடுவதுமாக, இரண்டும் ஒரே காரியமாகவே நியூயார்க்கில் என் ஜீவனம் நடந்தது. மேடையை நான் ஒருநாளும் விட்டதில்லை. விட்டிருந்தால் கற்பிப்பதற்கு என்னிடம் எதுவும் மிஞ்சியிராது.

வாசிக்க வகையற்றவனே சொல்லிக்கொடுக்கப் போகிறான் என்ற அபிப்பிராயம் எங்கிருந்து முளைத்ததோ அறியேன். ஜாஸின் சரித்திரம் முழுவதும் அதற்கு நேர்விரோதமாக நிற்கிறது. 1940களில் ஹார்லெமில் மேரி லூ வில்லியம்ஸ் என்ற பியானோ மேதையான மாதரசியின் வீட்டுக்குப் பின்னிரவில் வந்து, அவருடைய பியானோவைச் சூழ்ந்து நின்று பாடம் கேட்டுப் போனவர்கள் பியானோ வித்துவான்களான தெலோனியஸ் மங்க்கும் பட் பவலும் ஆவர். அதே அம்மையார்தாம் 1977 முதல் 1981இல் காலமாகும் வரை டியூக் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். சிகாகோவில் தூசாபிள் உயர்நிலைப்பள்ளியின் வாத்தியக்குழுவைக் கண்டிப்புக்குப் பேர்போன வால்டர் டயட் பழக்கிய காலத்தில், அங்கிருந்து சாக்ஸஃபோன் வித்துவான்களான ஜீன் ஆமன்ஸும் ஜானி கிரிஃபினும் புறப்பட்டு வந்தார்கள். ஜாக்கி மெக்லீனின் கதை வேறு விதமானது. கிளப்பில் வாசிக்க விரும்பும் வித்துவான் போலீஸாரிடம் அனுமதிச்சீட்டு வாங்கித்தான் தீரவேண்டும் என்ற அநியாயச் சட்டம் நியூயார்க்கில் 1967 வரை அமலில் இருந்தது. அச்சீட்டைப் பறிகொடுத்து, தம் சொந்த ஊரிலேயே கிளப் வாசல்கள் அடைபட்டு வருந்திய அந்த சாக்ஸஃபோன் மேதை, 1968இல் ஹார்ட்ஃபோர்டில் கற்பிக்கத் தொடங்கி, பிறகு அங்கே ஒரு துறையையே நிறுவினார். அவர் மேடையைத் தியாகம் செய்தார் என்று எவரேனும் சொல்லட்டும் பார்ப்போம்.

தமிழ் வாசகர்களுக்கு இதை நான் விஸ்தரிக்க வேண்டிய அவசியமே இல்லை. வீணை தனம்மாளின் பேரர்களான டி. விஸ்வநாதனும் டி. ரங்கநாதனும் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஒருவர் புல்லாங்குழலும் மற்றவர் மிருதங்கமும் கற்பித்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் தந்த அபூர்வ டிரம்ஸ் கலைஞர் எட் பிளாக்வெலும் அங்கே ஆசிரியராக இருந்தார். கச்சேரி வேறு, சிட்சை வேறு என்று அந்த மூவரில் எவரும் நினைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆனால் என் மனத்தில் எந்நேரமும் நிற்பவர் பாரி ஹாரிஸ்தாம். 1929இல் டெட்ராய்டில் பிறந்து, தேவாலயத்தில் பியானோ வாசித்த தாயாரிடம் பாலபாடம் கேட்டவர். இருபது சொச்சம் வயதிலேயே தம் வீட்டைப் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டவர். 1960இல் நியூயார்க்குக்கு வந்து கானன்பால் ஆடர்லியுடனும் லீ மார்கனுடனும் வாசித்தவர். 1982இல் மன்ஹாட்டனில் ஜாஸ் கல்சுரல் தியேட்டர் என்ற இடத்தைத் திறந்து ஐந்து ஆண்டுகள் நடத்தினார். அது மூடிய பின்னும் 2021இல் தமது 91ஆம் வயதில் மறையும் வரை வாரந்தோறும் வகுப்பை நடத்திவந்தார். அந்த வகுப்பில் தேர்வு வைத்து ஆளெடுப்பது கிடையாது. கைதேர்ந்த வித்துவானும் நேற்றுத் தொடங்கிய சிறுவனும் ஒரே பியானோவைச் சுற்றி நிற்பார்கள்; அவர் ஒரு சங்கதியை வாயால் பாடுவார்; காதால் பிடித்துக்கொண்டவன் வாசிப்பான், பிடிக்காதவன் மறுபடியும் கேட்பான். பட் பவலும் சார்லி பார்க்கரும் இசைத்தட்டுகளில் விட்டுச் சென்றவற்றிலிருந்து இலக்கண சூத்திரங்களைத் தோண்டியெடுத்தவர் அவர் என்றால் மிகையாகாது.

அச்சூத்திரங்களில் ஒன்று என்னைப் பல ஆண்டுகள் ஆட்டிவைத்தது. ஸி, ஈ, ஜி, பி ஃப்ளாட் நான்கும் சேர்ந்தொலிக்கும் ஸி ஏழாம் கார்டை எடுத்துக்கொள்வோம். மேல் ஸியில் தொடங்கித் தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு ஸ்வரமாக இறங்கினால், ஸி தட்டின்மேல் விழுகிறது. பிறகு கார்டுக்கு உயிராயிருக்கும் பி ஃப்ளாட்டும் ஜியும் ஈயும் தட்டுகளின் இடுக்கில் போய் ஒளிந்துகொள்ள, அந்நியமான ஏயும் எஃபும் டியும் தட்டுகளின்மேல் ஏறி நிற்கின்றன. ஸிக்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவே பி என்னும் அரைஸ்வரம் ஒன்றைச் சேர்த்துவிட்டால், ஸி, பி ஃப்ளாட், ஜி, ஈ நான்கும் நான்கு தட்டுகளின்மேல் முறையாக அமர்ந்துவிடும். விரல்களும் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இருமுறை இறங்கி, அடுத்த ஆவர்த்தத்தின் முதல் தட்டில் கீழ் ஸியை வந்தடையும். இடது கை ஓய்ந்திருந்தாலும், தூரத்தில் குடித்துக்கொண்டிருப்பவன் காதிலும் கார்டு பளிச்சென்று கேட்கும். ஈயில் தொடங்கினாலும் அதே ஒரு அரைஸ்வரம் போதும். டியில் தொடங்கினால் ஒன்றும் வேண்டாம், அல்லது இரண்டு வேண்டும். ஒன்று மட்டும் சேர்த்தால் எல்லாம் குலைந்துபோகும்.

இதை எடுத்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். மேடையிலோ, 'செரோகீ' போன்ற பாட்டின் நடுப்பகுதி பி, ஏ, ஜி என்று சுருதி மாறி மாறி இறங்கிக்கொண்டிருக்க, டிரம்ஸ்காரர் முன்னே விரட்ட, சங்கதி எந்த ஸ்வரத்திலிருந்து பிறக்கும் என்று வாசிப்பவனுக்கே தெரியாத அந்தக் கணத்தில், ஒன்றா, இரண்டா, ஒன்றுமில்லையா என்பதை எண்ணிப் பார்க்க அவகாசம் ஏது? எண்ணுகிறவன் லயத்தை இழப்பான். எண்ணாதவன் ஸ்வரத்தை இழப்பான். எண்ணாமலே காது அறிந்துகொள்ளும் நிலை ஒன்று உண்டு. சூத்திரத்தைத் தாளில் எழுதி மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதால் அது வாய்ப்பதில்லை. மெதுவாக, மிக மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் முதலில் வாயால் பாடி, பிறகு பன்னிரண்டு சுருதிகளிலும் விரலால் தேடிச் செய்யும் அப்பியாசத்தால், அதுவும் தன் காலத்தில்தான், வந்து சேரும். எனக்கு வந்ததும் வகுப்பில் அல்ல. வாடிக்கையாளர் ஒருவரும் காதுகொடுக்காத ஓர் உணவுவிடுதியில், மழைக்கால இரவொன்றில், மெதுவான ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, சங்கதி தானாகவே எஃபில் பிறந்து, அரைஸ்வரம் எதையும் கேட்காமல் தன் இடங்களில் இறங்கிற்று. மறுநாள் காலை வகுப்பில் அதைத்தான் கற்பித்தேன். அந்த இரவு இல்லாவிட்டால் அந்தக் காலை இல்லை. மேடையைத் தியாகம் செய்தேன் என்கிறவர்களுக்கு இதை எப்படி விளக்குவது?

இக்காலத்து இளைஞர்களின் புத்திக்கூர்மையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அவர்களுடைய விரல்வேகம் எங்கள் தலைமுறைக்கு வாய்க்காதது. குறை வேறிடத்தில் இருக்கிறது. 1967இல் ஜேமி ஏபர்ஸால்ட் பக்கவாத்தியத்தை மட்டும் பதிந்த இசைத்தட்டுகளை வெளியிட்டபோது, ஆள்துணை இல்லாத கிராமத்துப் பையனுக்கு அது வரப்பிரசாதமாக இருந்திருக்கும்; ஆனால் இசைத்தட்டில் உள்ள டிரம்ஸ்காரர் நம் வாசிப்பைக் கேட்பதில்லை, நாம் தடுமாறினால் தாங்குவதில்லை, நாம் ஒரு புதுச் சங்கதியைப் பிடித்தால் திரும்பிப் பார்ப்பதுமில்லை. எழுபதுகளில் பாஸ்டன் மாணவர்கள் பாட்டுகளின் மெட்டையும் கார்டுகளையும் எழுதிக் கள்ளத்தனமாக விற்ற 'ரியல் புக்' என்ற புத்தகம், தன் பிழைகளோடு ஒரு தலைமுறைக்கே வேதமாயிற்று. இன்றோ, கைபேசித் திரையில் கார்டுகள் ஓட, அதைப் பார்த்தபடி மேடையில் நிற்கிறார்கள். பாட்டைத் தலையில் வைத்திராதவன் அதன்மேல் மனோதர்மம் செய்யப் புகுவது என்ன துணிச்சல்! இந்தக் கார்டுக்கு இந்த ஸ்வரவரிசை என்று அட்டவணையாக மனனம் செய்தவன், எந்தத் தட்டில் எது விழவேண்டும் என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அறிந்திருக்கிறான். அந்த ஒன்றுதான் ஜாஸ்.

இதற்கு மாணவர்களை மட்டும் நோவது தர்மமல்ல. பாடத்திட்டத்தில் வாரவாரம் எந்தத் திறமை சித்திக்கும் என்று முன்கூட்டியே எழுதித்தரச் சொன்னார்கள் பல்கலைக்கழக நிர்வாகத்தார். காது எந்த வாரத்தில் திறக்கும் என்று எந்த ஆசிரியன் உறுதி கூற முடியும்? நான் மறுத்தபோது, ஒத்துழைக்காதவன் என்று பெயர் வந்தது. ஆசிரியர்களின் நிலையையும் பார்க்க வேண்டும்: கிளப்புகளில் கிடைக்கும் கூலியில் வீட்டு வாடகை கட்ட முடியாததால் தேர்ந்த வித்துவான்கள் கற்பிக்க வருகிறார்கள். வந்தவர்களை மணிக்கணக்கில் கூலி கொடுத்துப் பகுதிநேர ஆசிரியர்களாகவே வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. 2022இல் நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் பகுதிநேர ஆசிரியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்ததும் இதே விதமான மனத்தாங்கலால்தான். நான் காலி செய்த இடத்துக்கும் முழுநேர ஆசிரியர் நியமிக்கப்படவில்லை. என் வகுப்புகளைப் பகுதிநேரக்காரர்கள் சிலருக்குப் பங்கிட்டுவிட்டார்கள். அனைவரும் மேடையில் தேர்ந்தவர்கள், இருவர் என்னிடமே படித்தவர்கள்; ஒருவருக்கும் வைத்தியக் காப்பீடு கிடையாது, அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்பதும் தெரியாது.