மேலே தூவியது

வயிறு ஒருவழியாக அடங்கிவிட்டது என்று நினைக்கும்போதுதான் ஹெச்.யூ.எஸ். தொடங்கும். முழுப்பெயர் ஹீமோலிட்டிக் யுரேமிக் சிண்ட்ரோம். 2011 மே மாதம், ஹாம்பர்க்கில் என்னோடு ஒரே ஃபிளாட்டில் இருந்த ஜெர்மன் தோழிக்கு அப்படித்தான் ஆனது. ஐந்து நாள் ரத்தமாகப் போனது. பிறகு குறைந்து, எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாள். மறுநாள் முகம் வீங்கியிருந்தது, சிறுநீர் நின்றுபோயிருந்தது. அந்த வாரமே டயாலிசிஸ்.

குடலில் இருக்கிற ஈ.கோலை எப்படி சிறுநீரகத்துக்குப் போனது? போனது கிருமி இல்லை, அதன் நஞ்சு. ஷிகா நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களுடைய உட்சுவரைப் புண்ணாக்குகிறது. புண்ணை அடைக்கப்போய் தட்டணுக்கள் தீர்ந்துபோகின்றன. அடைபட்ட குழாய்க்குள் நெருக்கியடித்துப் போகும் சிவப்பணுக்கள் கிழிகின்றன. மைக்ரோஸ்கோப்பில் உடைந்த வளையல் துண்டு மாதிரித் தெரியும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி சாகும்போது இன்னும் நஞ்சைக் கக்கிவிடுமோ என்று டாக்டர்கள் தயங்குவார்கள். முறிமருந்து கிடையாது. ரத்தம் ஏற்றி, டயாலிசிஸ் செய்து, சிறுநீரகம் தானாக விழிக்கும்வரை காத்திருக்கவேண்டியதுதான். அவளுக்கு விழித்தது. வருடாவருடம் பி.பி.யும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்கிறாள்.

வழக்கமாக இது சின்னக் குழந்தைகளுக்கு வருவது. அந்த வருடம் பெரும்பாலும் வளர்ந்த பெண்களுக்கு வந்தது. 800 பேருக்கு மேல் ஹெச்.யூ.எஸ்., 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் பழி ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல். அம்மா போனில், "வெள்ளரிக்காயைத் தொடாதடா. வெந்தயத்தை ஊறப்போட்டு முழுங்கு, வயித்துக்கு நல்லது" என்றாள்.

நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தக்காளி, வெள்ளரி என்றார்கள். முளைப்பயிரைச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். சாலட் மேல் ஒரு சிட்டிகை தூவியதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ராபர்ட் கோக் நிறுவனத்துக்காரர்கள் கடைசியில் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு ரெஸ்டாரன்டில் சாப்பிட்டவர்களிடம் எந்த டிஷ் வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அதில் என்னென்ன போட்டீர்கள் என்று சமையல்காரரைக் கேட்டார்கள். நோய் வந்த எல்லோர் தட்டிலும் முளைப்பயிர் இருந்தது. தடம் பிடித்துக்கொண்டே போனால், கீழ் சாக்சனியில் ஒரு பண்ணை. அதற்கும் பின்னால் எகிப்திலிருந்து வந்த விதை.

வெந்தய விதை!

தாளிக்கிற எண்ணெயில் அந்தக் கிருமி பிழைக்காது. ஈரத்தில், கதகதப்பில் முளைகட்டும்போதுதான் முளையோடு சேர்ந்து அதுவும் பெருகும். அம்மாவிடம் சொன்னேன்.

"வெந்தயமா? போடா, அது மருந்து."

நான் இப்போதெல்லாம் முளைகட்டியதை எடுத்து நேராகக் கொதிக்கிற குழம்பில் போட்டுவிடுகிறேன்.