அஸருக்குப் பின் ஆட்டமும் ஒளுவுக்கான தண்ணீரும்



நாற்பது வயதைக் கடந்த மத்ரஸா ஆசிரியர்கள் நால்வர் மட்டையைக் கையில் எடுத்தால் ஊரில் என்ன பேச்சு எழும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். காலை முதல் தரையில் அமர்ந்து ஓதிக்கொடுப்பது எங்கள் பணி. சர்க்கரையும் முழங்கால் வலியும் எங்களுள் மூவருக்கு வந்துவிட்டன. மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சி நான்கே நாள்களில் சலித்துப்போயிற்று. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த பழைய மாணவர் ஒருவர் நான்கு மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்துகளையும் கொடுத்து, “பிக்கிள்பால் ஆடிப் பாருங்கள் ஹஜ்ரத்” என்றார்.

1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில், இறகுப்பந்து ஆட மட்டைகள் போதாமல், கையில் கிடைத்ததைக் கொண்டு உருவாக்கிய ஆட்டம் இது. களம் 44 அடி நீளம், 20 அடி அகலம். இரட்டையர் இறகுப்பந்துக் களத்தின் அளவும் அதுவே. ஆகவே பிள்ளைகள் ஆடிய பழைய கோடுகளே எங்களுக்குப் போதுமாயின. வலையை மட்டும் ஓரங்களில் 36 அங்குலமும் நடுவில் 34 அங்குலமுமாகத் தாழ்த்தினோம். வலையையொட்டி இருபுறமும் 7 அடிக்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கலாகாது. அந்த இடத்துக்குச் சமையலறை என்று பெயராம்! முதல் பந்தை இடுப்புக்குக் கீழிருந்து போட வேண்டும். இரு பக்கத்திலும் ஒருமுறை தரையில் பட்ட பின்னரே நேராக அடிக்கலாம். எங்கள் வயதினருக்கு இவ்விதி பெரும் ஆறுதல். தொடங்குவோருக்கு ஒன்று சொல்வோம்: பந்து தலைக்கு மேல் சென்றால் பின்னோக்கி ஓடாதீர்கள், திரும்பி நடந்து எடுங்கள். எங்களுள் ஒருவர் அவ்வாறு ஓடி விழுந்து, ஒரு வாரம் நாற்காலியில் தொழுதார்.

பதினைந்து நாள் சென்றிருக்கும். மோதினார் வந்து, “நீங்கள் ஆடத் தொடங்கியதிலிருந்து மஃரிபுக்குத் தண்ணீர் பற்றவில்லை ஹஜ்ரத்” என்றார். எங்கள் ஊரில் நிலத்தடி நீர் உவர்ப்பு. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கித்தான் தொட்டியை நிரப்புகிறோம். ஆட்டம் நின்றுவிடுமோ என்னும் அச்சத்தில், குழாயின் கீழே வாளி வைத்து அளந்தோம். ஓதும் பிள்ளைகளின் ஒளுவுக்கு மூன்று, நான்கு லிட்டர் ஆயிற்று. எங்களுள் எவருக்கும் ஏழு லிட்டருக்குக் குறையவில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுச் செய்தார்கள் என்பதை ஆண்டுதோறும் தேர்வில் கேள்வியாகக் கேட்பவர்கள் நாங்கள். நடுத்தர மனிதரின் இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவே ஒரு முத்து. ஷாஃபிஈ கணக்கில் ஒரு லிட்டருக்கும் குறைவு. ஓடும் ஆற்றிலும் வீண்விரயம் கூடாது என்னும் ஹதீஸைப் பாடம் நடத்தும்போது, அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்பதையும் மறவாமல் சொல்வோம். அந்தப் பலவீனத்தை எங்கள் அலட்சியத்துக்குத் துணையாக்கிக்கொண்டோம் போலும். பள்ளியில் ஹவ்ளு இருந்த காலத்தில் வேண்டிய நீரைக் கையால் அள்ளினோம். குழாய் வந்தபின் சட்டைக் கையை மடிக்கும்போதும் நீர் ஓடுகிறது.

அரை லிட்டர் குவளைகள் வாங்கினோம். ஒருவருக்கு இரு குவளை. கழிவுநீரை வாழைகளுக்குத் திருப்பினோம். ஆட்டத்துக்குக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்களுக்குப் பதில் மண்பானை வந்தது. முதல் வாரம் அவசரத்தில் எங்கள் கைகள் குழாய்க்கே சென்றன.

எங்களுள் மூத்தவருக்கு அதுவும் இயலவில்லை. முழங்கை நனைந்ததா, குதிகால் நனைந்ததா என்று மீண்டும் மீண்டும் கழுவும் வஸ்வாஸ் அவருக்குப் பல ஆண்டுகளாக உண்டு. நாங்கள் அதைப் பேணுதல் என்றே எண்ணியிருந்தோம். குவளை வந்த பிறகுதான் அதைத் தம் வாயால் சொல்லி அழுதார். இப்போது ஒருவர் அருகில் நின்று, “நனைந்துவிட்டது, போதும்” என்கிறோம். சில நாள்களில் மூன்று குவளையோடு எழுகிறார். சில நாள்களில் ஆறு ஆகிறது.

தொட்டி இஷா வரை தாங்குகிறது. ஆனால் விரிசல் விட்ட பந்துகள் ஒரு சாக்கில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பழைய பொருள் வாங்குபவர் அவற்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனார்.