பழியை விளையாட்டின் மேல் போட்டேன்

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு நான் அநியாயம் செய்தேன். வகுப்பாசிரியர் என்ற அதிகாரத்தில் செய்தது அது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முகத்தில் டிபன் பாக்ஸால் அடித்துவிட்டான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அடித்தவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஃப்ரீ ஃபயர் விளையாடுவியாடா?" தலையாட்டினான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவன் அம்மாவை வரவழைத்து, "எந்நேரமும் சுட்டு விளையாடினா கை சும்மா இருக்குமாம்மா? முதல்ல அந்த போனைப் பிடுங்குங்க" என்றேன். அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். பையன் வாயே திறக்கவில்லை.

பிறகு வேறொரு மாணவன் சொல்லித்தான் தெரிந்தது. அடித்தவனின் அப்பா சாக்கடை அள்ளும் வேலை செய்கிறவர். இவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் போதும், மற்றவன் மூக்கைப் பொத்திக்கொள்வானாம். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்களாம். மாதக்கணக்கில் நடந்திருக்கிறது, என் வகுப்பில்.

தெரிந்த பிறகாவது அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேனா? இல்லை. சொன்னால் நான் கவனிக்கத் தவறியது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். வருடக் கடைசியில் அவன் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

பெற்றோர் கூட்டங்களில், "அரசாங்கமே தடை பண்ணிடுச்சே" என்று அடித்துப் பேசியவன் நான். 2020 செப்டம்பரில் பப்ஜியையும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் மத்திய அரசு தடை செய்தது உண்மை. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு, பயனாளர் தகவல்களின் பாதுகாப்பு. பிள்ளைகளின் கோபத்தைப் பற்றிய தடையே அல்ல அது. இதைக்கூட நான் விசாரித்துக்கொள்ளவில்லை.

ஆய்வுகளையும் பின்னால்தான் தேடிப் படித்தேன். 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரின் விளையாட்டுப் பழக்கத்தையும், அவர்களுடைய நடத்தை பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னதையும் ஒப்பிட்டார்கள். வன்முறை விளையாட்டுக்கும் மூர்க்கத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது இன்னும் உறைத்தது: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு, கொடிய வன்முறைக்கு விளையாட்டுதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, அப்படிப் பழி போடுவது மற்ற காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும். நான் செய்தது அச்சு அசலாக அதைத்தான்.

விளையாட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. விடிய விடிய விளையாடிவிட்டு வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். அது வேறு வழக்கு.

ஆசிரிய நண்பர்களே, கை ஓங்கிய பிள்ளையை நிறுத்தி வைத்தால், அதற்கு முன் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். அவன் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். போனைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.