ஸ்க்ரூ டிரைவரும் கிளட்ச் சுவிட்சும்

டிராக்டர் ஸ்டார்ட் ஆகலைன்னு யாராவது போன் பண்ணா நான் முதல்ல கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். "சாவியைத் திருப்பினா என்ன சத்தம் வருது?" பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. "வண்டி எடுக்கலைங்கறேன், சத்தம் எதுக்குப்பா உனக்கு?" என்பார்கள். ஆனா மக்களே, மேட்டரே அந்தச் சத்தத்துலதான் இருக்கு.

இன்ஜின் நல்லா சுத்துது, ஆனா பத்திக்கலையா? டீசல் பக்கம் போங்க. டேங்க்குல டீசல் இருக்கா, ஸ்டாப் நாப் இழுத்தபடியே கிடக்கா, ஃபில்டர் அடைச்சிருக்கா, லைன்ல காத்து புகுந்திருக்கா, இந்த வரிசையில். 'டக டக டக'ன்னு வேகமா அடிச்சா பேட்டரியில சார்ஜ் இல்லை, இல்லேன்னா டெர்மினல் பூத்துப்போயிருக்கு. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு அமைதியாயிட்டா தடி கேபிள், எர்த் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார் மூணையும் பார்க்கணும். நாலாவதுதான் மர்மம். சத்தமே வராது. ஆனா ஹெட்லைட் பளிச்சுன்னு எரியும், ஹாரன் ஊரைக் கூட்டும்.

போன மார்கழியில் கண்ணமங்கலத்தில் மாமா வண்டிக்கு வந்தது இந்த நாலாவது ஜாதி.

கண்ணமங்கலம் தெரியாதவங்களுக்கு: வேலூர் - திருவண்ணாமலை சாலையில், ஜவ்வாது மலையோட கிழக்குச் சரிவுக்குக் கீழே இருக்கிற ஊர். நாகநதி ஓடுது (மழை பெஞ்சா!). நவரைப் பட்டத்துக்கு நாத்து விட்டு 24 நாள் ஆயிருந்தது. குறுகிய கால ரகம். நாத்து முத்திப்போனா தூர் கட்டறது குறைஞ்சுடும். மறுநாள் காலையில் நடவுக்கு ஆள் சொல்லியாச்சு. ஒரு சால் சேடை ஓட்டி முடிச்சது, இன்னொரு சால் ஓட்டி பரம்படிக்கணும். அந்த நேரம் பார்த்து வண்டி மௌனவிரதம் :-)

நான் போய்ச் சேரும்போது டிரைவர் தம்பி பெரிய டயருக்கு முன்னால, இன்ஜின் பக்கம் குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்தான். கையில நீள ஸ்க்ரூ டிரைவர். "ண்ணா, ஸ்டார்ட்டர்ல ரெண்டு போல்ட்டையும் சேர்த்து ஒரு தட்டு தட்டினா எடுத்துக்கும். ஒரு வாரமா இப்படித்தான் எடுக்கறேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. நம்ம பக்கம் பாதி ஷெட்டுல இந்த வைத்தியம்தான் நடக்குது. ஆனா நான் அவன் கையைப் பார்க்கலை, கியர் லீவரைப் பார்த்தேன். வண்டி கியரில் இருந்தது.

மாமா நிலம் மலையடிவாரச் சரிவு. ஹேண்ட் பிரேக் சரியா பிடிக்காத வண்டியை கியர்ல போட்டு நிறுத்தறது எல்லாரும் செய்யறதுதான். ராத்திரி யாரோ அப்படி நிறுத்தியிருக்காங்க. தம்பிக்குத் தெரியாது. தட்டியிருந்தா, ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னால தள்ள ஆரம்பிச்சிருக்கும். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தின காத்தோட சூட்டுலயே பத்திக்கும். அதனால இந்த மாதிரி பழைய பம்ப் வச்ச வண்டியில சாவி ஆஃப்ல இருக்குங்கிறது காப்பாத்தாது. ஸ்டாப் நாப் சீட்டுக்குப் பக்கத்துல. இவன் நிக்கறது பின் டயருக்கு முன்னால. குதிக்க எங்க நேரம்?

"தம்பி, முதல்ல வெளிய வா"ன்னு மட்டும் சொன்னேன். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல் போட்ட பிறகுதான் அடுத்த வேலை.

சத்தமே இல்லை, ஆனா லைட்டு பளிச்சுன்னு எரியுதுன்னா பேட்டரி பெரும்பாலும் குத்தவாளி இல்லை. மாமா ஏழாயிரம் எட்டாயிரம் போட்டுப் புது பேட்டரி வாங்க ஆரணிக்குக் கிளம்பத் தயாரா இருந்தார், உட்கார வச்சாச்சு. சாவியிலிருந்து ஸ்டார்ட்டர் சோலினாய்டுக்குப் போற மெல்லிசு ஒயர்ல எங்கேயோ கரண்ட் நின்னுபோச்சு. எங்கேன்னு கண்டுபிடிக்க ஒரு 12 வோல்ட் பல்பும் ரெண்டு ஒயரும் போதும். ஒரு ஒயரை வண்டி பாடியில் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணை வரிசையா வச்சுக்கிட்டே வந்தேன். ஃபியூஸ், எரியுது. சாவியைத் திருப்பச் சொல்லி அதோட அவுட், எரியுது. கிளட்ச் சுவிட்சுக்கு உள்ளே வர்ற ஒயர், எரியுது. கிளட்ச்சை முழுசா மிதிக்கச் சொல்லி சுவிட்சுலேர்ந்து வெளியே போற ஒயர்... இருட்டு.

கிளட்ச்சை மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகணும்னு வைக்கிற சின்ன சுவிட்ச் அது. சேடை ஓட்டின சேறு பெடலுக்கு அடியில அப்பி, காஞ்சு, களிமண் பொம்மை மாதிரி ஆயிருந்தது. சுவிட்சோட பொத்தான் அசையவே இல்லை. பழைய டூத் பிரஷ், கொஞ்சம் தண்ணி, துணி, டெர்மினலைச் சுரண்ட உப்புத்தாள். முக்கால் மணி நேரத்துல வண்டி உறுமிடுச்சு. செலவு பூஜ்யம்.

மாமா கேட்டார், "மாப்ள, அந்த சுவிட்சைக் கழட்டிட்டு ஒயரை நேரா முறுக்கிட்டா இந்த ரோதனையே இல்லையே?" நியாயமான கேள்விதான். நிறைய பேர் செய்யறதும் அதுதான். கியர் லீவரைக் காட்டி, "ஒரு வாரமா தம்பி அந்த சுவிட்சைத்தான் ஏமாத்திக்கிட்டு இருந்தான்"னேன். மாமா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் தம்பியைப் பார்த்து, "காப்பி குடிச்சியாடா?"ன்னார். அவ்வளவுதான் பேச்சு.

அமெரிக்காவுல ஏறி உக்காந்து ஓட்டற புல்வெட்டுற வண்டி இருக்கே, அதுலயும் கதை இதேதான். சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச், பிரேக் பெடல்ல ஒண்ணு, பிளேடு லீவர்ல ஒண்ணு. ஒண்ணு ஒத்துக்கலைன்னாலும் வண்டி எடுக்காது. அங்க இருக்கிற நண்பர் "வண்டி செத்துப்போச்சு"ன்னு போன்ல புலம்பினார். பிளேடு லீவர் போட்டபடியே இருந்திருக்கு :-)

மெஷின் எடுக்கலைன்னா எல்லா நேரமும் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை. சில நேரம் 'இப்ப வேண்டாம்'னு சொல்லுது. ரெண்டுல எதுன்னு தெரியாம அதோட வாயை அடைக்கக் கூடாது.

மறுநாள் நடவு நடந்தது. அப்புறம் ஆரணியில புது சுவிட்ச் வாங்கி மாட்டி, ஹேண்ட் பிரேக்கையும் சரிபண்ணியாச்சு. இப்பல்லாம் சேடை முடிஞ்சு வண்டி கழுவும்போது மாமா கிளட்ச் பெடலுக்கு அடியில தனியா ஒரு குடம் ஊத்தறார்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. இதுல எது மறந்தாலும் பரவாயில்லை. நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல், இந்த மூணு மட்டும் மறக்காதீங்க.