பிரியதத்தம்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று நோயுற்றோருக்கும் முதியோருக்கும் நற்கருணை கொண்டு செல்வது பங்குத்தந்தையரின் நெடுநாளைய வழக்கம். எம் பங்கைச் சேர்ந்த குடும்பங்களுள் சில கோபாலபுரத்தில் இருக்கின்றன. கதீட்ரல் சாலையின் இரைச்சலை விட்டு ஒரு திருப்பம் உள்ளே நடந்தால், எண்களையே பெயராகக் கொண்ட அத்தெருக்கள் வந்துவிடும். அவற்றுள் ஒன்றில், மின்தூக்கி இல்லாத ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். முழங்கால் வலியால் இரண்டாண்டுகளாக அவர் கீழே இறங்கியதில்லை. குமரி மாவட்டத்தில் பிறந்து, மணமாகிச் சென்னைக்கு வந்தவர். அறுபதாண்டுச் சென்னை வாழ்க்கை அவருடைய கோட்டாற்றுப் பேச்சை மாற்றவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவருடைய செபமாலையை மாற்றவில்லை. மங்கள வார்த்தை செபத்தில் நாமெல்லாம் ‘அருள்’ என்று சொல்லப் பழகி நெடுங்காலம் ஆயிற்று. அவர் இன்றும் ‘பிரியதத்தத்தினாலே’ என்றுதான் தொடங்குகிறார். என் பாட்டியும் அப்படித்தான் தொடங்குவார். சிறுவனாக இருந்தபோது அது அன்னை மரியாவின் ஊர்ப் பெயர் என்று நான் எண்ணியிருந்தேன்.

அதே கட்டடத்தின் முதல் மாடியில் ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். மனைவியை இழந்தவர்; வைணவர். சனிக்கிழமை தவறாமல் அருகிலுள்ள வேணுகோபால சுவாமி கோயிலுக்குச் செல்பவர். மூதாட்டியாருக்குக் கண் மங்கியதிலிருந்து, மாலைதோறும் மேலே சென்று நாளிதழ் வாசித்துக் காட்டுவார். படியேறும்போது அவருடைய வாசலைக் கடந்துதான் நான் செல்ல வேண்டும். கதவு எப்போதும் திறந்திருக்கும்; வாசலை நோக்கிய சாய்வு நாற்காலியில் அவர் அமர்ந்திருப்பார். “வாங்கோ, ஃபாதர்” என்பார். நின்று இரண்டொரு வார்த்தை பேசிவிட்டு மேலே செல்வேன்.

ஓராண்டுக்கு முன் அவருடைய ஒரே மகன் சாலை விபத்தில் இறந்தான். முப்பத்து நான்கு வயது.

செய்தி எனக்கு அடுத்த நாளே தெரியும். நான் செல்லவில்லை. பங்கில் வேலை இருந்தது என்பது உண்மை. வேலை எந்நாளும் இருக்கிறது. அடுத்த முதல் வெள்ளியன்று அவ்வாசலைக் கடந்தபோது, நற்கருணைப் பேழையை மார்போடு சேர்த்துக்கொண்டு, செபிப்பவனைப் போலத் தலையைத் தாழ்த்தியவாறு விரைந்து ஏறினேன். மறுமாதமும் அப்படியே. அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. இறைமகனை நெஞ்சில் ஏந்திச் சென்றதே, எதிரில் இருந்த துயரத்தைக் காணாமல் போவதற்கு எனக்கு மறைப்பாயிற்று.

இதற்கு என் மனம் கண்டுபிடித்த காரணம் மதிப்புக்குரியதாகவே இருந்தது. துயரத்தில் இருக்கும் பிற சமயத்தவரிடம் ஒரு கத்தோலிக்கக் குரு சென்று பேசினால், ஆறுதல் என்ற பெயரில் வலைவீசுவதாக யாரேனும் எண்ணக்கூடும். 2002 அக்டோபரில் தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது நான் இளங்குரு. 2004-இல் அச்சட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அந்நாள்களில் எங்கள் தலைமுறைக் குருக்களின் நாவில் விழுந்த முடிச்சு சட்டத்தோடு அவிழ்ந்துவிடவில்லை. பேசாதிருப்பதே பண்பு என்று பழகிவிட்டோம். பிற சமயத்தவருக்கு நாம் தரும் மதிப்பு உண்மையானது; அதில் எனக்கு ஐயமில்லை. என் மௌனத்தில் அந்த மதிப்பு கால்பங்கு இருந்திருக்கலாம். மீதி முக்கால்பங்கு அச்சம். மகனை இழந்த தந்தையிடம் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்பதே அந்த அச்சம்.

நான்காம் மாதம் அவரே வாசலுக்கு வந்து நின்றார்.

“மூன்று மாதமாக என் வாசலைப் பார்க்காமலேயே போகிறீர்கள், ஃபாதர்” என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. கணக்கேட்டில் விடுபட்ட ஒரு வரியைச் சுட்டிக்காட்டுபவரைப் போலச் சொன்னார். நான் ஏதோ முணுமுணுத்தேன். பிறகு அவர் கேட்டதுதான் என்னைத் திகைக்கச் செய்தது. “யோபு புத்தகம் தனியாகக் கிடைக்குமா? மாமி பாதிக் கதைதான் சொன்னார்.”

நடந்ததைப் பின்னர் மூதாட்டியாரைப் பராமரிக்கும் பெண் சொல்லித்தான் அறிந்தேன். மகனின் உடலை எரியூட்டிய நான்காம் நாள், இரண்டாண்டுகளாக இறங்காத அம்மையார் இறங்கினாராம். நடந்து இறங்க முடியாது. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, இரு கைகளையும் ஊன்றி, அடுத்த படிக்கு நகர்ந்து, மீண்டும் உட்கார்ந்து இறங்கினாராம். அவரிடம் சென்று ஒரு மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான்கு பேர் நாற்காலியோடு தூக்க மேலே திரும்பினார். பிறகு மாலைகளில் பெரியவர் பழையபடி மேலே வரத் தொடங்கினார். நாளிதழ் வாசிப்பு நின்றது, பேச்சு வளர்ந்தது. அம்மையாரும் ஒரு மகளைப் பறிகொடுத்தவர். “உங்கள் கடவுள் உங்களுக்கு விடை சொன்னாரா?” என்று இவர் ஒருநாள் கேட்டிருக்கிறார். அதற்கு அவர் சொன்னதை அப்பெண் அப்படியே ஒப்பித்தாள்: “வெடை ஒண்ணும் சொல்லல்ல. நானும் கேக்கத நிறுத்தல்ல. ஆனா ராத்திரி தனியா கெடந்தேன்னு சொல்ல முடியாது.”

அம்மையாரின் சுவரில் புனித தேவசகாயத்தின் படம் ஒன்று உண்டு. குமரி நாட்டு வீடுகளில், 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவிப்பதற்கு வெகு காலத்திற்கு முன்பிருந்தே அவருடைய கதை பாட்டிமாரின் வாய்மொழியாக வாழ்ந்தது. ‘அவர் யார்’ என்று பெரியவர் கேட்கப்போய், யோபுவின் பெயர் வந்திருக்கிறது.

வாசகருள் பலர் அறிந்த வரலாறுதான். என்றாலும் அதன் தொடக்கத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் தெ லனாய், மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பில் அமர்த்தப்பட்டிருந்தார். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. நீலகண்டனின் கால்நடைகளும் உடைமைகளும் அடுத்தடுத்து அழிந்து அவர் மனமுடைந்திருந்த காலத்தில், தெ லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். சொன்னவர் குருவல்லர், வேதியரல்லர். தாயகத்தையும் படையையும் இழந்து, தம்மை வென்றவனுக்கே ஊழியம் செய்த போர்க்கைதி. இழந்தவர் ஒருவர் இழந்த மற்றொருவருக்குச் சொன்ன கதை அது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்பது பெயர். ‘கடவுள் உதவினார்’ என்பது பொருள். அதையே தமிழ் தேவசகாயம் என்றது. 1749-இல் கைதாகி, ஏறத்தாழ மூன்றாண்டு வதைக்குப் பின், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தேவசகாயத்தைப் பற்றி நான் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். அன்றிரவு என் எண்ணமெல்லாம் தெ லனாய் மீதே இருந்தது. நண்பர் சுடப்பட்ட பின்னும் அவர் அதே மன்னரிடம் பணியாற்றினார். 1758-இல் மன்னர் இறந்த பின் அடுத்த மன்னரிடமும் பணியாற்றி, 1777-இல் இறந்தார். உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறையைப் பார்த்திருக்கிறேன். இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த கல். அவரைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நற்செய்தியைச் சொன்னவர் கோட்டைக்குள்ளேயே இருக்க, கேட்டவர் மலையுச்சி வரை சென்றார் என்பது மறுக்க முடியாத உண்மை. சொல்பவனின் அளவு அவன் சொன்ன சொல்லின் அளவு ஆகாது போலும். நாம் பெரியவர்களாக இருந்தால்தான் நற்செய்தி செல்லும் என்றிருந்தால், அது எருசலேமைத் தாண்டியிராது.

பூந்தமல்லிக் குருத்துவக் கல்லூரியில் அருளியல் பாடத்தை ஆர்வமாகப் படித்தவன் நான். மனிதன் எடுத்து வைக்கும் முதல் அடிக்கும் முன்னதாகவே இறையருள் வந்து நிற்கிறது என்று புனித அகுஸ்தினார் வாதாடியதும், 529-இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கமும் 1547-இல் திரெந்து சங்கமும் அதனை உறுதி செய்ததும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவை. திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரமும் அதையே காட்டுகிறது. எத்தியோப்பிய நிதி அமைச்சரிடம் பிலிப்பு சென்றபோது, அவர் ஏற்கெனவே எசாயாவின் ஏட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். பிலிப்பு ஒரு கேள்வி கேட்டார். அமைச்சர் அவரைத் தேரில் ஏறி அமர அழைத்தார். இதையெல்லாம் அறிந்திருந்தும், முதல் மாடி வாசலில் நான் கொண்டு செல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இல்லையே என்றுதான் அஞ்சினேன். அங்கே யாரும் எனக்கு முன்பாகச் சென்றிருக்க முடியாது என்ற எண்ணம் அந்த அச்சத்துக்குள் ஒளிந்திருந்தது.

யோபு நூலை அவருக்குக் கொடுத்தேன். இப்போது முதல் வெள்ளிகளில், அம்மையார் நற்கருணை பெற்ற பின், அவரும் மேலே வந்து அமர்கிறார். தணிக்கையாளர் வாசிக்கும் விதம் தனி. நண்பர்கள் மூவரும் ஏழு நாள் பேசாமல் தரையில் அமர்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள்மீது தமக்கு மதிப்பு இருந்தது என்றார். முப்பத்தெட்டாம் அதிகாரம் வரை ஆண்டவர் யோபுவிடம் வாய் திறக்கவில்லை என்பதைக் குறித்து வைத்திருந்தார். கடைசி அதிகாரத்துக்கு வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆடு ஏழாயிரம் இருந்தது, பதினாலாயிரம் ஆயிற்று. ஒட்டகம் மூவாயிரம் ஆறாயிரம் ஆயிற்று. எல்லாம் இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் அதே பத்து. இறந்த பத்துப் பேர் எந்தக் கணக்கில் வருகிறார்கள், ஃபாதர்?”

பழைய உரையாசிரியர்கள் இதற்குத் தரும் விளக்கம் எனக்குத் தெரியும். அவர் கண்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. “இதற்கு நான் விடை சொல்லக் கூடாது, ஐயா” என்றேன். அம்மையார் செபமாலையை உருட்டியபடியே சொன்னார்: “முதப் பத்தும் எங்க போச்சு? ஆண்டவர்கிட்டதான இருக்கு. இருக்கதுக்கு மேல பத்து குடுத்தா இருவதுதான?”

அவர் நெடுநேரம் பேசவில்லை. ஏற்றுக்கொண்டார் என்று நான் எழுதமாட்டேன்.

பங்கு மக்களுள் சிலர், “அவர் ஞானஸ்நானம் பெறுவாரா, ஃபாதர்?” என்று என்னைத் தனியே கேட்கிறார்கள். சனிக்கிழமைகளில் அவர் கோயிலுக்குச் செல்வதை நான் பார்க்கிறேன். அதைத் தடுக்கும் எண்ணம் எனக்கில்லை. அதே வேளையில், கிறிஸ்துவை அவர் அறிய வேண்டும் என்ற விருப்பம் எனக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். அவ்விருப்பத்தை நான் அவரிடமே சொல்லிவிட்டேன். “தெரியும், ஃபாதர். இல்லாவிட்டால் நீங்கள் என்ன குரு?” என்று சிரித்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக நான் அஞ்சிய உரையாடல் அவ்வளவுதான்.

சென்ற மாதம் அம்மையார் செபத்தைத் தொடங்கியதும் அவர் என் பக்கம் சாய்ந்து, “அது என்ன சொல், பிரியதத்தம்?” என்று கேட்டார். அருளுக்கு எங்கள் முன்னோர் வழங்கிய பழைய சொல் என்றேன். வடமொழியிலும் தமிழிலும் விசுவாசத்திற்குச் சொல் தேடியவர்கள் நம் பழைய வேதபோதகர்கள். அவர்களுள் தலையாய தத்துவபோதகர், இராபர்ட் தெ நொபிலி, 1656-இல் இதே மயிலையில்தான் கண்ணொளி இழந்தவராய் உயிர் நீத்தார் என்றெல்லாம் விரித்துக்கொண்டே போனேன். பிரியத்தோடு கடவுள் தரும் கொடை என்று பொருள் சொல்லி முடித்தேன்.

அவர் தலையசைத்து மறுத்தார். இளமையில் சமஸ்கிருதம் முறையாகப் பயின்றவராம்.

“தரும் என்று சொல்லாதீர்கள், ஃபாதர். தத்தம் என்றால் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். இறந்தகாலம்.”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மையார் எங்கள் ஆராய்ச்சியைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அருளப்படும் பத்துமணி முடிந்ததும் செபமாலையை மடியில் வைத்துவிட்டு, “காப்பி ஆறிப் போவுது சாமி, ரெண்டு பேரும் குடியுங்க” என்றார்.