மன்னாரில் ஒரு தட்டு சைனீஸ்

மன்னாருக்குப் போய் நூடில்ஸ் தின்றுவிட்டு வந்தேன் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நண்டும் இறாலும் பாரையும் கரையேறும் ஊரில் உமக்கு நூடில்ஸ்தானா அகப்பட்டது என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரவு எட்டு மணிக்கு மன்னார் நகரத்தில் பசியோடு நடப்பவனுக்குப் பெரும்பாலும் எதிர்ப்படுவன கொத்துரொட்டியும், பிறைட் றைஸும், நூடில்ஸும்தான். பின்னைய இரண்டுக்கும் பொதுப்பெயர் 'சைனீஸ்'. மாதோட்டத்துப் பாலாவி தொடங்கித் தலைமன்னார் இறங்குதுறை வரை இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்பார் இல்லை.

அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அவித்து வடித்த கோதுமை நூடில்ஸ். நீளமாக அரிந்த கரட், லீக்ஸ், கோவா. உடைத்துக் கிளறிய முட்டை. அன்றைய வலையைப் பொறுத்து இறாலோ கணவாயோ. எல்லாவற்றையும் பெருந்தீயில் தாச்சியிலிட்டுப் புரட்டி, சோயா சோஸ் விட்டு, அஜினோமோட்டோ தூவி இறக்குகிறார்கள். இவ்வளவும் சீனத்துக்கு ஓரளவு உறவுடையவை. அதன்பின் நிகழ்வதுதான் நம்முடையது. இடித்த செத்தல்மிளகாய் ஒரு கரண்டி விழுகிறது. உள்ளி, வினாகிரி, சீனி சேர்த்து அரைத்த சிவந்த சில்லிப் பேஸ்ட் ஓரத்தில் வைக்கப்படுகிறது. கடைசியாகப் பரிமாறுகிற பையன் வந்து, "கொஞ்சம் கோழிக் குழம்பு ஊத்தவா?" என்று கேட்கிறான். உலகத்தில் வேறெந்தச் சீன உணவுக் கடையிலும் இந்தக் கேள்வியை நான் செவிமடுத்ததில்லை. ஊற்றச் சொன்னேன். நன்றாகவே இருந்தது.

சீனத்தோடு மன்னாருக்கு உறவே இல்லையா என்றால், இலங்கையில் வேறெந்தக் கரைக்கும் குறையாத உறவு இதற்கு உண்டு. தீவுக்கு நேரெதிரே, திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த மண்மேட்டில்தான் மாந்தைத் துறைமுகம் புதைந்து கிடக்கிறது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கு நடந்த அகழ்வில் தாங் காலச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. யுத்தம் வந்து வேலையை நிறுத்தியது. பின்னர் 2009–10இல் மீண்டும் தோண்டிக் கிடைத்த தானியங்களைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. மிளகு இருந்தது, கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கராம்பு ஒன்று இருந்தது, இலங்கையில் விளையாத கோதுமையின் மணிகளும் இருந்தன. நூடில்ஸ் மன்னாருக்குப் புதிதாயினும் இறக்குமதிக் கோதுமை புதிதன்று.

இங்கிருந்து சீனத்துக்குப் போனதும் போவதும் வேறொரு பண்டம். கடலட்டை. வெள்ளை அட்டை என்று நம் சுழியோடிகள் சொல்வதற்கு மதிப்பு அதிகம். குடலை நீக்கி, அவித்து, மணலில் புதைத்து, மேற்தோல் கழன்றபின் தேய்த்துக் கழுவி, மீண்டும் அவித்து, வெயிலில் காயவைப்பார்கள். முடிவில் அது கருகிய விறகுத்துண்டு போலக் கிடக்கும். அந்த விறகுத்துண்டைச் சீனத்தில் 'ஹாய்ஷென்' என்கிறார்கள். கடலின் ஜின்செங் என்று பொருள். நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து, வெங்காயத்தாளோடு சேர்த்து வேகவைக்கும் ஷாண்டொங் மாகாணத்து முறை பேர்போனது. அட்டைக்கென்று தனிச்சுவை ஏதும் இல்லை. சாற்றை உறிஞ்சிக்கொள்ளும் வழுவழுப்புக்குத்தான் அத்தனை விலை. இதைப் பிடிக்கும் தொழிலை நம் கரைக்குச் சொல்லித் தந்தவர்களே சீன வணிகர்கள் என்று கருதப்படுகிறது.

மன்னாரில் இதை உண்பவர் எவரையும் நான் காணவில்லை. ஆனால் இதற்காகக் கால் விளங்காமற் போனவர்களைக் கண்டிருக்கிறேன். சிலிண்டரோடு ஆழத்தில் நெடுநேரம் கிடந்துவிட்டு அவசரமாக மேலெழும்போது இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகின்றன; அவை நரம்பைத் தாக்கினால் மனிதன் படுக்கையில் விழுகிறான். செய்தியாளனாக இருந்த காலத்தில் அவ்வாறான வீடுகளின் திண்ணைகளில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். வெளியான செய்தி நான்கு வரிக்கு மேல் போனதில்லை. எதிர்க்கரையில் நிலைமை வேறு. 2001இல் இந்தியா கடலட்டைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்துவிட்டது. தலைமன்னாரில் அனுமதிப்பத்திரத்தோடு செய்யும் தொழில், கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்தில் சிறைக்குரிய குற்றம். 2021 டிசம்பரில் சீனத் தூதுவர் மன்னாருக்கு வந்து இராமர் அணையின் மணற்றிட்டைப் பார்த்துச் சென்றபோது இருநாட்டுப் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக எழுதின. அட்டை அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தப் பயணத்தைத் தொடங்கிவிட்டது.

நிற்க. நூடில்ஸ் இந்த வழியாக வரவில்லை. வந்த வழியைச் சொல்கிறேன்.

இலங்கையில் குடியேறிய சீனர் தொகையில் மிகச் சிறியவர்கள். ஷாண்டொங், ஹூபெய் மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டி வீடு வீடாக விற்றார்கள். பல் கட்டினார்கள். கொழும்பில் உணவகங்கள் வைத்தார்கள். தலைமுறைகளாக நாடற்றவர்களாகவே இருந்த இவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2008இல்தான் நிறைவேறியது. அவர்களுடைய சமையல் மட்டும் அதற்கு வெகுகாலம் முன்பே பிரஜையாகிவிட்டது. மாவில் தோய்த்துப் பொரித்த கணவாயை வெண்ணெயிலும் செத்தல்மிளகாயிலும் புரட்டித் தரும் 'ஹொட் பட்டர்' கணவாயைக் கொழும்பில் சீன உணவு என்று விரும்பி உண்கிறார்கள். சீனத்தில் அப்படியொன்று கிடையாது. காலப்போக்கில் முஸ்லிம் கடைக்காரர்கள் இந்தச் சமையலை எடுத்துக்கொண்டு, பன்றியிறைச்சியை நீக்கி, காரத்தைக் கூட்டினார்கள். இன்று சிற்றூர்களில் நாம் 'சைனீஸ்' என்பதில் பெரும்பகுதி அவர்களுடைய கைவண்ணம்.

நான் உண்ட கடையின் உரிமையாளரும் முஸ்லிம். ஐம்பதை எட்டாத வயது. தாச்சியை விட்டு அகலாமலே பேசினார்.

"தொண்ணூறில எனக்குப் பத்து வயசு ஐயா. வாப்பா கைப்பிடிச்சு வள்ளத்தில ஏத்தினது ஞாபகம். கல்பிட்டியில இறக்கினாங்க."

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் மன்னார் மாவட்டத்தவரே அதிகம். மன்னார்த் தீவின் மக்கள் படகுகளில் ஏறிக் கல்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். புத்தளத்தின் ஓலைக்கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் நாங்கள் அதைப் பற்றி எழுதியது, எழுதியிருக்க வேண்டியதைவிட மிகக் குறைவு என்பது என் கருத்து. இதைச் சொல்வதால் கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

அந்தப் பத்து வயதுப் பையன் பதினைந்தாம் வயதில் கொழும்புக்குப் போய், முஸ்லிம் ஒருவருடைய 'சைனீஸ்' கடையில் கோப்பை கழுவினான். பிறகு மரக்கறி வெட்டினான். பிறகு தாச்சிக்கு வந்தான். யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பியபோது கையிலிருந்த தொழில் அதுவொன்றுதான். வாப்பாவின் சோற்றுக்கடை இருந்த இடத்தில் சுவரும் இல்லை. அவருடைய உம்மாவுக்குத் தெரிந்த மன்னார்ச் சமையல் அவருக்குத் தெரியாது. "இடியப்பத்துக்குச் சொதி வைக்கத் தெரியும். அதுவும் புத்தளத்துச் சொதி" என்றார். அந்தத் தாச்சியில் புரண்டது சீனத்திலிருந்து வந்த நூடில்ஸ் அன்று. இருபது ஆண்டுகள் அகதியாக அலைந்து திரும்பியவர் கையோடு கொண்டுவந்தது.

என் தொழிலை அறிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார். "சீனாவில எங்கட ஆக்கள் சாப்பிடுற கடை இருக்கா ஐயா? உறைப்பா?"

இருக்கிறது. பெய்ஜிங்கில் ஒருமுறை அவ்வாறான கடையில் உண்டிருக்கிறேன். வடமேற்குச் சீனத்தில் மஞ்சளாற்றங்கரையில் லான்ஜோ என்றொரு நகரம். அங்குள்ள ஹூய் முஸ்லிம்களின் மாட்டிறைச்சி நூடில்ஸ் இன்று சீனத்தின் ஊர் ஊராகப் பரவிவிட்டது. கடை வாசலில் அரபு எழுத்து இருக்கும். மாவை இரு கைகளிலும் பிடித்து இழுத்து, மடித்து, மீண்டும் இழுத்து, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒரு நிமிடத்துக்குள் நூற்றுக்கணக்கான இழைகள் கைகளுக்கிடையே தொங்கும். எந்தப் பருமனில் வேண்டும் என்று கேட்டுத்தான் இழுப்பார்கள். தெளிந்த மாட்டெலும்புச் சாறு, வெள்ளை முள்ளங்கி, பச்சைக் கொத்தமல்லி, மேலே சிவப்பாக மிதக்கும் மிளகாயெண்ணெய்.

இன்னும் உறைப்பு வேண்டுமானால் தெற்கே சிச்சுவானுக்குப் போகவேண்டும். நம்மூர்க் காவுதடி போன்ற தடியில் அடுப்பையும் பாத்திரத்தையும் தொங்கவிட்டுத் தெருவில் விற்றதால் 'தான்தான்' என்று பெயர்பெற்ற நூடில்ஸ் அங்கே உண்டு. அதில் பன்றியிறைச்சி சேர்வதால் அவருக்கு ஆகாது. சிச்சுவானின் உறைப்பு நமது உறைப்பு அன்று. மிளகாயோடு, தேசிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறுமரத்தின் காய்ந்த காய்த்தோலையும் சேர்க்கிறார்கள். எரிவதற்கு முன் நாக்கு விறைத்துப்போகிறது.

மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் ஒரே காலத்து வரவு என்றேன். அவர் நம்பவில்லை. அமெரிக்காவின் செடி அது. போர்த்துக்கேயர் ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் மன்னாரைக் கைப்பற்றியது 1560இல். சீன நூலொன்றில் மிளகாய் முதன்முதலாகக் குறிக்கப்படுவது 1591இல், அதுவும் பார்வைக்கு அழகான செடியாக. அவர்கள் 'அந்நிய மிளகு' என்று பெயரிட்டார்கள். நாம் மிளகுக்கு ஒரு காயைச் சேர்த்தோம். சிச்சுவான்காரர் அதைச் சமையலில் தாராளமாகச் சேர்க்கத் தொடங்கியது அதற்கும் வெகுகாலம் பின்.

வரலாற்றைவிட அந்த மாவை இழுக்கும் வித்தைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. மகன் கைத்தொலைபேசியில் ஏற்கெனவே படம் காட்டியிருக்கிறானாம். திருகோணமலை ஆலையின் கோதுமை மாவில் இருதரம் முயன்றும் பார்த்திருக்கிறார். மூன்றாவது இழுப்பில் அறுந்துவிடுகிறதாம். (நம் வீடுகளில் அந்த மாவை இன்றும் 'அமெரிக்கன் மா' என்றே சொல்லும் முதியவர்கள் உண்டு, கப்பலில் வந்த பெயர்.) லான்ஜோக்காரர் ஒரு புல்லை எரித்த சாம்பலின் காரத்தை நீரில் கரைத்து மாவில் சேர்க்கிறார்கள், அதுதான் மாவுக்கு இழுவையைக் கொடுக்கிறது, நமது அப்பளக்காரம் செய்யும் வேலையும் ஏறக்குறைய அதுதான் என்றேன்.

"அப்பளக்காரமா? அது உம்மாக்குத் தெரியும்" என்றவர், மேசை நான்குக்குக் கணவாய் நூடில்ஸ் இரண்டு என்று பையன் கூவியதும், தாச்சியைத் தீயில் ஏற்றினார்.